விறகுக் கணக்கும் நீராவியும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சாயச்சாலையில், சில ஆண்டுகளுக்கு முன், மார்ச்சு மாத இறுதியில் இருப்புச் சரிபார்த்தேன். நூல் சரியாக இருந்தது; சாயமும் உப்பும் சரியாக இருந்தன. விறகில் மட்டும் குறைவு. தை மாதத் தொடக்கத்தில் ஒரு டன் சீமைக் கருவேல் விறகு வாங்கி, பின்கட்டில் அடுக்கி, பிரிக்காமல் வைத்திருப்பதாகப் பதிவேடு கூறியது. தராசில் ஏற்றி நிறுத்தபோது 760 கிலோதான் நின்றது. கிடங்குப் பொறுப்பாளர் வயதில் மூத்தவர். "ஐயா, ஒரு கட்டைகூட வெளியே போகவில்லை. பச்சையாக வந்தது, காய்ந்துவிட்டது" என்றார். காய்ந்தால் காற்பங்கு எடையா குறையும் என்று எனக்குத் தோன்றிற்று. குறைவின் விலையை அவரிடமிருந்து வசூலிக்கலாம் என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டேன். கல்லூரியில் பௌதிகம் படித்தவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது முறை.

அக்குறிப்பு என்ன ஆயிற்று என்பதைப் பின்னர் கூறுகிறேன். அதற்குமுன் நீர் ஆவியாவதைப் பற்றிய கணக்கு ஒன்றை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். சாயத் தொட்டி, வெல்லக் கொப்பரை, நூல் உலர்த்தும் கொடி, விறகு அடுக்கு ஆகிய எல்லாவற்றிலும் சங்கத்தின் பணம் இந்தக் கணக்கின்படியே செலவாகிறது.

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பத்தை ஒரு கலோரி என்பர். ஒரு கிலோ நீருக்கு இதுவே ஆயிரம் கலோரி, அதாவது ஒரு கிலோகலோரி. நம் ஊர்க் கிணற்று நீர் 30 டிகிரியில் இருக்கிறது என்று கொண்டால், அதில் ஒரு கிலோவைக் கொதிநிலையாகிய 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வேண்டும். இதுவரை எவரும் எளிதில் ஒப்புக்கொள்வர். இதற்குப் பிறகு நடப்பதுதான் கண்ணுக்குப் புலப்படாதது. கொதிக்கும் நீரில் வெப்பமானியை இட்டு, அடுப்பை எவ்வளவு எரித்தாலும், பாதரசம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. தீ குறையாமல் எரிகிறது. நீர் முன்னைவிடச் சூடாகவில்லை. அப்படியானால் அந்த வெப்பமெல்லாம் எங்கே போகிறது?

நீரை ஆவியாக்குவதிலேயே போகிறது. கொதிநிலையில் உள்ள ஒரு கிலோ நீரை அதே 100 டிகிரியிலுள்ள ஆவியாக மாற்றுவதற்கு ஏறக்குறைய 540 கிலோகலோரி தேவைப்படுகிறது. கிணற்று நீரைக் கொதிக்க வைக்க ஆகும் செலவைப்போல் இது ஏழரை மடங்குக்கும் அதிகம். வெப்பமானி இதைக் காட்டாது. ஆகையால் இதை உள்ளுறை வெப்பம் என்று அழைக்கிறார்கள். பனிக்கட்டி உருகும்போதும் இத்தகைய வெப்பம் உண்டு. ஆனால் அது கிலோவுக்கு 80 கிலோகலோரி மட்டுமே.

ஏன் இவ்வளவு? நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. நீர் சூடேறும்போது அவை அதிகமாகத் துடிக்கின்றன. ஆயினும் பிடியை விடுவதில்லை. ஆவியாகும்போது ஒவ்வொன்றும் தன் கூட்டத்தை முற்றிலும் விட்டு வெளியேற வேண்டும். அந்தப் பிடியை அறுக்கவே பெரும்பகுதி வெப்பம் செலவாகிறது. மற்றொரு சிறு செலவும் உண்டு. ஒரு கன சென்டிமீட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,670 கன சென்டிமீட்டராக விரிகிறது. தனக்கு இடம் தேடிச் சுற்றியுள்ள காற்றை அது தள்ளியாக வேண்டும். 540இல் ஏறக்குறைய 40 பங்கு இந்தத் தள்ளும் வேலைக்குப் போய்விடுகிறது.

இதை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஜோசப் பிளாக். 1762ஆம் ஆண்டில் அவர் செய்த சோதனைக்குச் சூடான இரும்புத் தகடும், தகரப் பாத்திரமும், கடிகாரமும் போதுமானவையாக இருந்தன. குளிர்ந்த நீர் கொதிக்கத் தொடங்க நாலு நிமிடம் ஆயிற்று. பின்னர் முழுவதும் வற்ற இருபது நிமிடம் ஆயிற்று. தகடு நிமிடந்தோறும் ஒரே அளவு வெப்பம் கொடுத்ததென்றால், வற்றுவதற்கு ஐந்து மடங்கு வெப்பம் போயிருக்க வேண்டுமல்லவா? அவர் கண்ட அளவு இன்றைய அளவைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் வழி சரியானது. வாசகர்கள் தம் வீட்டு அடுப்பிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தம்ளர் நீர் கொதிக்க எத்தனை நிமிடம், அது வற்ற எத்தனை நிமிடம் என்று குறித்தால் போதும். தீயை இடையில் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வற்றும் தறுவாயில் பாத்திரத்தை இறக்கிவிடவும் மறக்கக்கூடாது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பழுதுபார்த்து வந்த ஜேம்ஸ் வாட்டும் இதே புதிரில் முட்டிக்கொண்டவர்தான். சிறிதளவு நீர் ஆவியாகிக் குளிர்ந்த நீருக்குள் சென்றால், தன்னைப்போல் ஆறு மடங்கு எடையுள்ள நீரைக் கொதிநிலைக்கு ஏற்றிவிடுவதைக் கண்டு அவர் வியப்படைந்தார். பிளாக்கிடம் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. ஆவியாவதற்கு வாங்கிய கடனை, மீண்டும் நீராகும்போது அது முழுவதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நீராவி எந்திரத்தில் ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் வைக்கும் யோசனை வாட்டுக்கு 1765இல் தோன்றியது. 1769இல் அதற்கு உரிமம் பெற்றார்.

இனிச் சாயத் தொட்டிக்கு வருவோம். நான் மேலே கூறிய சாயச்சாலையில் விறகுச் செலவும் அதிகமென்று அங்கத்தினர்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தனர். தொட்டியைப் பார்த்தேன். தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, கொட்டகை முழுவதும் ஆவி. "நன்றாகக் கொதித்தால்தான் சாயம் பிடிக்கும்" என்றார்கள். சாயத்துடன் வந்த குறிப்புத் தாளிலோ 80 டிகிரி போதும் என்று அச்சிட்டிருந்தது. சாயத்தின் இனத்தைப் பொறுத்து இது மாறும். சாதாரண வெப்பத்திலேயே ஏறும் சாயங்கள் உண்டு. கொதிநிலையை ஒட்டி வைத்திருக்க வேண்டியவையும் உண்டு. ஆனால் ஒட்டி வைத்திருப்பதற்கும் குமுறக் கொதிக்க விடுவதற்கும் வேறுபாடு இருக்கிறது. மெல்லக் கொதிக்கும் தொட்டியும் குமுறிக் கொதிக்கும் தொட்டியும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. (சாயத் தொட்டியில் உப்பு இருப்பதால் கொதிநிலை ஒரு டிகிரி அளவு கூடலாம், அது நம் கணக்கை மாற்றாது.)

200 லிட்டர் நீர் பிடிக்கும் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுவர 10,000 கிலோகலோரி வேண்டும். 100 டிகிரிக்குக் கொண்டுவர 14,000. கொதித்துக்கொண்டே இருந்து 30 லிட்டர் ஆவியாகப் போனால், அதற்கு மட்டும் 16,200. அதாவது இரண்டு குடம் நீரைக் கூரைக்கு அனுப்புவதற்கு, தொட்டி முழுவதையும் கொதிக்க வைத்ததைவிட அதிக வெப்பம் செலவாகிறது. அந்த இரண்டு குடத்தை மீண்டும் ஊற்றிச் சூடேற்ற மேலும் 2,100. நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 3,500 கிலோகலோரி வெளிப்படும். ஆனால் திறந்த அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்குதான் நீரைச் சென்றடைகிறது; மீதி புகையோடும் காற்றோடும் போகிறது. எனவே 350 என்று கொண்டு வகுத்துப் பாருங்கள். வீணாகப் போன இரண்டு குடத்துக்காக 50 கிலோவுக்கு மேல் விறகு எரிந்திருக்கும்.

பணத்தோடு இது நிற்பதில்லை. நீர் குறையும்போது தொட்டியில் சாயத்தின் செறிவு கூடுகிறது. குளிர்ந்த நீரை ஊற்றியவுடன் செறிவும் சூடும் ஒருங்கே இறங்குகின்றன. ஒரே தொட்டியில் நனைத்த சிட்டங்கள் ஒன்றுக்கொன்று நிறம் மாறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிறம் ஒவ்வாத நூலில் நெய்த சேலையில் பட்டை விழுந்தால், பழி தறிக்காரர்மேல் வருகிறது! தகரமோ பலகையோ கொண்டு ஒரு மூடி செய்து போடுவதும், மூங்கில் கழியில் நீர்மட்டக் குறி இட்டு வைப்பதும், வெப்பமானி ஒன்றை வாங்கி அதைப் பார்த்துத் தீயை இழுப்பதும் பெரிய செலவுகள் அல்ல. கொதிநிலைக்குக் கீழேயும் சூடான நீரின் மேற்பரப்பிலிருந்து ஆவி போய்க்கொண்டேதான் இருக்கும். ஆகவே 80 டிகிரித் தொட்டிக்கும் மூடி வேண்டும்.

மூடியைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை. தமக்கு எதிர்ப்புறமுள்ள விளிம்பை முதலில் உயர்த்தி, ஆவி அப்புறம் வெளியேற விட வேண்டும். கையில் கொதிநீர் பட்டால் அது தன் சூட்டை மட்டுமே கொடுக்கும். ஆவி பட்டாலோ, தோலின்மீது நீராக மாறி, முதலில் அந்த 540ஐ இறக்கிவிட்டுப் பிறகு கொதிநீராகவும் சுடும். நெல் அவிக்கும் இடங்களில் வேலை செய்வோர் இதை அனுபவத்தில் அறிவர். அங்கே அதே குணம் நன்மையாகப் பயன்படுகிறது. ஆவி நெல்லின் இடுக்குகளில் புகுந்து, ஒவ்வொரு மணியின்மீதும் நீராகி, தன் வெப்பத்தை ஒப்படைக்கிறது.

கரும்பு விவசாயிகளின் நிலைமை வேறு. சாயத் தொட்டியில் ஆவியாவது வீண். வெல்லக் கொப்பரையில் ஆவியாக்குவதே வேலை. நூறு கிலோ கருப்பஞ்சாற்றில் எண்பது கிலோவுக்கு மேல் நீர்தான். அதைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 7,000 கிலோகலோரி போதும். எண்பது கிலோ நீரை ஓட்டவோ 43,200 வேண்டும். இங்கே மூடி போட்டுப் பயனில்லை. கொப்பரை அகலமாகவும், அடுப்பு நன்றாகவும், எரிபொருள் உலர்ந்ததாகவும் இருப்பதுதான் வழி. ஆலையிலிருந்து விழும் சக்கையில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். அதை வெயிலில் பரப்பிக் காயவைக்காமல் அடுப்பில் திணித்தால், சாற்றின் நீரை ஓட்ட வேண்டிய தீ, சக்கையின் நீரை ஓட்டுவதில் முனைந்துவிடும்.

கொப்பரையிலிருந்து எழும் ஆவி அத்தனை வெப்பத்தையும் சுமந்துகொண்டு வானத்துக்குப் போகிறதே, அதைப் பிடித்து மறுபடியும் வேலை வாங்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். கேட்டவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1806இல் பிறந்த நார்பெர்ட் ரில்லியூ. அக்காலத்தில் அங்கே அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்குக் கரண்டியால் அள்ளி ஊற்றி, உடல் வெந்து வேலை செய்தனர். ரில்லியூவும் கறுப்பின மரபில் வந்தவரே. ஆனால் அடிமையாக அல்லாமல் சுதந்திரராகப் பிறந்து, பிரான்சில் பயின்றவர். 1843இல் அவர் உரிமம் பெற்ற அமைப்பில் மூடிய கலங்கள் வரிசையாக நிற்கும். முதல் கலத்துச் சாற்றிலிருந்து எழும் ஆவி, இரண்டாம் கலத்துச் சாற்றைக் கொதிக்க வைக்கும். அதன் ஆவி மூன்றாவதை.

ஒரே சூட்டிலுள்ள ஆவி ஒரே சூட்டில் கொதிக்கும் சாற்றை எப்படிக் கொதிக்க வைக்கும் என்ற ஐயம் நியாயமானதே. விடை அழுத்தத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். உதகமண்டலத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான். ரில்லியூ, அடுத்தடுத்த கலங்களில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். இதனால் மூன்று கலங்களில் ஒரு கிலோ ஆவி ஓட்டும் நீர் மூன்று கிலோவை நெருங்குகிறது. சூடு குறைவாதலால் சர்க்கரையும் கருகுவதில்லை. நம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் பங்குதாரர்கள் பார்த்திருக்கக்கூடிய உயரமான சாறு காய்ச்சும் கலங்களின் வரிசை, இந்த அமைப்பின் வழிவந்ததே.

நூல் உலர்த்தும் கொடிக்கு அடுப்பு இல்லை. ஆனால் கணக்கு அதேதான். கொதிக்காமல் 30 டிகிரியிலேயே நீர் ஆவியாகும்போது கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக, ஏறக்குறைய 580 கிலோகலோரி ஆகிறது. நிழலில் உலரும் நூலுக்கு அதைக் கொடுப்பது சுற்றியுள்ள காற்று. ஆகையால்தான் உலரும் நூலைத் தொட்டால் குளிர்ச்சி. மண்பானை நீர் குளிர்வதும், வியர்வைமேல் காற்றுப் பட்டால் உடல் குளிர்வதும் இதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், புதிய ஆவிக்கு அங்கே இடமில்லை. நூல் இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. அப்போது கரி மூட்டி உலர்த்தும் சங்கங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முறுக்கிப் பிழிந்தோ, சுழலும் பிழிகலத்திலிட்டோ வெளியேற்றும் நீருக்கு இந்த 580 வேண்டியதில்லை. அது நீராகவே ஓடிவிடுகிறது. பிழியாமல் விட்ட ஒவ்வொரு கிலோ நீருக்கும் கரியால் கூலி கொடுக்கிறோம்.

இப்போது விறகு அடுக்கு. பச்சை விறகில் நூற்றுக்கு 40 பங்கு நீர் என்று கொண்டால், ஒரு டன்னில் உண்மையான மரம் 600 கிலோ. வெயிலில் கிடந்து ஈரம் நூற்றுக்கு 20 என்ற அளவுக்கு வரும்போது, அந்த 600 கிலோவும் மொத்தத்தில் ஐந்தில் நாலு பங்காக இருக்கும். ஆகவே மொத்த எடை 750 கிலோ. ஒரு சுள்ளியும் களவு போகாமல் 250 கிலோ குறைகிறது. நான் குறைவென்று எழுதியதோ 240.

ஊர் திரும்பிய சில நாள்களில் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஆயினும் காகிதக் கணக்கை வைத்து ஒரு குறிப்பை எழுதியவன், மற்றொரு காகிதக் கணக்கை வைத்து அதை அழிப்பது தகாது என்று கருதினேன். அடுத்த லோடு பச்சை விறகு வந்தபோது நூறு கிலோவைத் தனியே கட்டி, அடையாளச் சீட்டு ஒட்டி, வாரந்தோறும் தலைவர் முன்னிலையில் நிறுக்கச் செய்தேன். பத்தாம் வாரத்தில் 77 கிலோ நின்றது. என் குறிப்பைத் திரும்பப் பெறுவதாக நிர்வாகக் குழுவுக்கு எழுதினேன். இடைப்பட்ட மாதங்களில் அந்த முதியவர் ஊரில் என்ன பேச்சுக் கேட்டிருப்பார் என்பதை அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

பச்சை விறகை எடைக்கு வாங்கும் சங்கம், மரத்தின் விலைக்கு நீரை வாங்குகிறது. அதைப் பச்சையாகவே எரித்தால் அந்த 250 கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 1,52,500 கிலோகலோரி போகும். இது காய்ந்த விறகில் 44 கிலோவுக்குச் சமம். இந்த 44 கிலோவைவிடப் பெரிய நஷ்டம், ஈர விறகு முழுவதும் எரியாமல் புகைந்து கொடுக்கும் நஷ்டமே. புகையைச் சுவாசிக்கும் தொழிலாளருக்கு ஆகும் கெடுதல் வேறு. வெட்டிப் பிளந்து, தரையில் படாமல், காற்றோட்டமாக அடுக்கினால் இந்த வேலையை வெயில் இலவசமாகச் செய்துவிடும்.

கூட்டுறவு ஆய்வாளன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாக் குறைவும் ஆவியாகப் போன குறைவு ஆகாது. காய்ந்த விறகு மேலும் மேலும் குறைந்துகொண்டே போகாது. மாறாக, மழைக்காலத்தில் ஈரம் வாங்கிச் சற்று எடை கூடவும் செய்யும். பருத்தி நூலும் பட்டும் இப்படித்தான். முற்றும் உலர்ந்த பருத்தி நூறு கிலோவுக்கு எட்டரைக் கிலோ ஈரமும், பட்டு நூறு கிலோவுக்குப் பதினொரு கிலோ ஈரமும் இருப்பதே வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட அளவு. பருவத்தைப் பொறுத்து அது ஏறி இறங்கும். மழை நாளில் எடைபோட்டுக் கொடுத்த பட்டு, கோடையில் சேலையாகத் திரும்பி வரும்போது சில கிராம் குறைந்தால், நெசவாளரின் கூலியில் கைவைக்கும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டியது எழுத்தரின் கடமை.

அந்தச் சாயச்சாலையின் விறகுப் பதிவேட்டில் இப்போது "வந்த எடை", "காய்ந்த எடை" என இரண்டு பத்திகள் உள்ளன. இரண்டாவது எடையைப் போடும்போது நிர்வாகக் குழுவினர் ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பெற்றவர் அந்தக் கிடங்குப் பொறுப்பாளரே.